ஏணியின் மேல்படிதான் இளையது

உயிரியலில் நெட் தேர்வு எழுதியவர்கள் அந்த ஏணியை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். மேலிருந்து கீழாகத் தாய்வழி மரபணுக்கள், இடைவெளி மரபணுக்கள், இணைவிதி மரபணுக்கள், கண்டத் துருவ மரபணுக்கள், ஈற்றில் ஹாக்ஸ் மரபணுக்கள். பழ ஈயின் உடல் முட்டைக்குள்ளேயே வளையம் வளையமாகப் பிரிவது எவ்வாறு என்பதற்கான விடை அது. பைகாய்ட் இல்லாத தாய் இட்ட முட்டையில் என்ன நிகழும், ஈவன்-ஸ்கிப்ட் செயலிழந்தால் எந்தக் கண்டங்கள் குறையும் என்று அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு வினா காத்திருக்கும்.

நானும் அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் புனேவுக்கு வந்தேன். இப்போது ஐந்தாம் ஆண்டாக வேறொரு பூச்சியின் கருவோடு வாழ்கிறேன். சென்ற பருவத்தில் முதுநிலை வகுப்பு ஒன்றுக்குப் பயிற்றுத் துணையாக நின்றபோது ஒரு மாணவர் கேட்டார்: “இந்த ஏணி எல்லாக் கணுக்காலிகளுக்கும் பொருந்துமா?” வகுப்பு முடியப் பத்து நிமிடங்களே இருந்தன. அந்தப் பத்து நிமிடங்களில் அடங்காத விடையை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏணி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1970களின் இறுதியில் ஹைடல்பெர்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் ஆகிய இருவரும் ஈயின் மரபணுக்களைத் தாறுமாறாகச் சிதைத்து, பிறக்காமலே இறந்த புழுக்களை எண்ணத் தொடங்கினர். ஒரே பொருளை இருவரும் ஒருங்கே பார்க்க வசதியுள்ள நுண்ணோக்கி. அதன் இரு பக்கமும் இருவர். புழுவின் வயிற்றுப் புறத்தில் கண்டத்துக்கு ஒன்றாக நுண்முட்களின் பட்டை இருக்கும். எந்தப் பட்டை காணவில்லை, எது திரும்பிக் கிடக்கிறது என்று பார்ப்பதே வேலை. சிலவற்றில் அடுத்தடுத்த பல கண்டங்கள் ஒட்டுமொத்தமாக இல்லை; சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று இல்லை; சிலவற்றில் கண்டங்களின் எண்ணிக்கை சரி, ஆனால் ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் குலைந்திருந்தது. 1980இல் நேச்சர் இதழில் வந்த அவர்களது கட்டுரை 15 மரபணு இடங்களை இந்த மூன்று வகைகளில் அடக்கியது. 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் இருவருக்கும் நோபல் பரிசு. ஏணியின் மூன்று படிகள் அப்படி வந்தவையே. அவற்றுக்கிடையே மேல், கீழ் என்ற அதிகார வரிசையைப் பின்னர் பலர் சேர்ந்து நிறுவினர்.

(இந்த மரபணுக்களின் பெயர்களைப் பற்றி ஒரு சொல். செயலிழந்தால் என்ன காணாமற்போகிறதோ அதுவே பெரும்பாலும் பெயர். இணைவிதி மரபணுக்களுள் ஒன்று ஃபுஷி தராசு. ஜப்பானிய மொழியில் ‘கண்டங்கள் போதவில்லை’ என்று பொருள். நம் தராசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதலாண்டில் வெகுநாள் நான் அதை ஏதோ ஒரு சமநிலை மரபணு என்றே நினைவில் வைத்துத் தேர்வு எழுதினேன். விடை சரியாகவே வந்தது.)

ஈயின் முட்டையில் நடப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. கருவுற்ற பின் உட்கரு மட்டும் 13 முறை பிரிகிறது. செல்சுவர் என்று சொல்லத்தக்க சவ்வுகள் இடையில் எழுவதில்லை. ஏறத்தாழ 6000 உட்கருக்கள் ஒரே பொது அறையில் குடியிருக்கும் கூட்டுக் குடும்பம் அது. தடுப்பு இல்லாததால், ஒரு முனையில் தோன்றும் புரதம் மறுமுனை நோக்கிப் பரவி, செறிவின் ஏற்ற இறக்கத்தையே முகவரியாக எழுதிவிட முடிகிறது. முட்டையிட்டு மூன்று மணி நேரம் ஆகும்போது ஈவன்-ஸ்கிப்ட் ஏழு வரிகளாக நிற்கிறது. சற்று நேரத்தில் எங்ரெயில்ட் 14 வரிகளாக எழுகிறது. உடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வகுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த ஏழு வரிகளும் ஒரே விதியால் வரையப்பட்டிருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். 1952இல் ஆலன் டூரிங் காட்டிய வழி கண்முன் இருந்தது. பரவும் இரு வேதிப்பொருள்கள் தமக்குள் வினைபுரிந்தால் வரிகள் தாமே எழும், சமன்பாடும் அழகானது. ஈ அந்த வழியில் செல்லவில்லை. பல வரிகளுக்குத் தனித்தனி டி.என்.ஏ. துண்டு, தனித்தனி ஏற்பாடு. இரண்டாம் வரிக்குரிய துண்டை பைகாய்டும் ஹன்ச்பேக்கும் தூண்டுகின்றன. ஜயன்ட் ஒருபுறமும் க்ருப்பெல் மறுபுறமும் அணைக்கின்றன. இடையில் மிஞ்சியதே வரி. 1989இல் மைக்கேல் ஏகம் இதுபற்றி எழுதிய குறிப்பின் தலைப்பே, ஈ தன் வரிகளை நயமின்றிச் செய்கிறது என்று பொருள்படும். ஏழு வரிகளும் ஏழு சிற்றாள்கள் அவரவர் போக்கில் போட்ட கோடுகள் போலத்தான். ஏன் இப்படி என்ற கேள்விக்கு ஈயை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது.

ஏனெனில் கணுக்காலிகளில் பெரும்பான்மை இப்படி வளர்வதில்லை. வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி, பூரான் ஆகியவற்றில் முதலில் தலைப்பகுதி மட்டும் வகுக்கப்படும். பின்முனையில் ஒரு வளர்பகுதி இருக்கும். அதிலிருந்து கண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். அச்சுப் பதித்த சேலைக்கும் தறியில் நெய்த சேலைக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். கரை ஒன்றுபோலவே தெரியும். செய்யப்பட்ட முறை வேறு. அந்தப் பின்முனையில் பெரும்பாலும் செல்கள் சவ்வால் பிரிந்தே இருக்கின்றன. ஆகவே நெடுந்தொலைவு பரவும் புரதச் செறிவு அங்கே அவ்வளவாக உதவாது.

என் பூச்சி நெய்யும் வகையைச் சேர்ந்தது. டிரைபோலியம் காஸ்டேனியம், சிவப்பு மாவு வண்டு. ரவை டப்பாவைத் திறந்தால் ஓடுமே, அதேதான். முதலாண்டில் தொலைபேசியில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “ஏண்டி, நாம புடைச்சுத் தள்ளுற வண்டையா நீ அங்க உக்காந்து வளக்குற?” என்றார். உண்மையில் நானும் புடைக்கத்தான் செய்கிறேன். மெல்லிய வெள்ளை மாவில் வண்டுகளை விட்டு, குறித்த நேரம் கழித்து நுண்சல்லடையில் சலித்தால் மாவு இறங்கும், முட்டை தங்கும். 32 பாகையில் வைத்தால் சுமார் மூன்று நாளில் புழு. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மரபணுவை ஒடுக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தாய் வண்டின் வயிற்றில் ஊசியால் செலுத்தினால், விளைவு அவள் இடும் முட்டைகளில் தெரியும். ஈவன்-ஸ்கிப்ட்டை அவ்வாறு ஒடுக்கிய முட்டைகளில் கிடைப்பது தலையின் முன்பகுதி தவிர வேறெங்கும் வளையமே இல்லாத ஒரு சிறு உருண்டைப் புழு. நூறு முறை பார்த்தாகிவிட்டது. இன்னும் அதைப் பார்க்கும்போது கை சற்று நின்றுவிடுகிறது.

இனி ஏணிக்கு வருவோம். மாணவரின் வினாவுக்கு என் விடை இதுதான்: ஏணியின் கீழ்ப்படி தொன்மையானது, மேல்படி நேற்று வந்தது.

கீழ்ப்படியான எங்ரெயில்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்டத்தின் பின்பகுதியிலும் ஒரு வரி. 1989இல் நிபம் பட்டேலும் குழுவினரும் ஒரே எதிர்ப்புரதத்தைக் கொண்டு பல்வேறு விலங்குகளின் கருக்களைச் சாயமேற்றிக் காட்டியபோது, அந்த வரி ஈக்கு மட்டும் உரியதல்ல என்பது தெளிவாயிற்று. பின்னர் சிலந்தி, பூரான், மரவட்டை, இறால் இனங்கள் என எங்கே தேடினாலும் அதே இடத்தில் அது இருந்தது. அதற்கு அடுத்து விங்லெஸ். இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு. கணுக்காலிகள் கிளைபிரியத் தொடங்கி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவ்வளவு காலமாக அந்த வரி இடம்மாறவில்லை.

மேல்படியோ வேறு கதை. முன்முனையில் தலை எங்கே என்று சொல்லும் பைகாய்ட், பாடநூலில் முதல் பக்கத்து நாயகன். 1999இல் ஸ்டாபர், யேக்லே, ஷ்மிட்-ஆட் ஆகியோர் அதன் பிறப்பைத் தேடிச் சென்றபோது, அது ஹாக்ஸ்-3 என்னும் பழைய மரபணுவின் ஒரு படி இரட்டித்துத் திரிந்தது என்று கண்டனர். அந்த இரட்டிப்பு ஈக்களின் ஒரு கிளைக்குள்ளேயே நிகழ்ந்தது. வண்டுக்கு பைகாய்ட் இல்லை. நாசோனியா என்னும் ஒட்டுண்ணிக் குளவியில் அந்தப் பணியின் பெரும்பகுதியை ஆர்த்தோடெண்டிகிள் செய்கிறது. 2015இல் கைரோனமஸ் என்னும் கடிக்காத கொசு போன்ற ஈயில் பானிஷ் என்ற முற்றிலும் தொடர்பற்ற மரபணு அந்த இடத்தில் அமர்ந்திருப்பது தெரியவந்தது. 2019இல் ஷ்மிட்-ஆட் குழுவினர் மேலும் சில ஈயினங்களைத் திறந்து பார்த்தனர். டெங்கு பரப்பும் ஈடிஸ் கொசுவின் முட்டையில் தலைப்பக்கத்தைக் குறிப்பது குகாய்ட் என்று அவர்கள் பெயரிட்ட மரபணு. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸின் முட்டையில் அதே வேலையைச் செய்வது பாங்கோலின். ஒரே அறையில் ஒரே இரவில் நம்மைக் கடிக்கக்கூடிய இரண்டு கொசுக்களும் தம் தலை எது என்பதைத் தீர்மானிக்கும் வழியில் ஒத்துப்போகவில்லை.

மேலே நிற்கும் அதிகாரி மாறினால் கீழே எல்லாம் குலைய வேண்டாமா என்று கேட்பீர்கள். குலையாமல் மாற முடியும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று லுட்விக், கிரைட்மன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஒரு சோதனை. முன்பு சொன்ன இரண்டாம் வரிக்குரிய டி.என்.ஏ. துண்டை டிரோசோஃபிலா மெலனோகேஸ்டரிலிருந்து ஒன்றும், அதன் உறவினமான சூடோஅப்ஸ்குராவிலிருந்து ஒன்றும் எடுத்தனர். இரண்டின் எழுத்து வரிசைகளும் பல இடங்களில் வேறுபடுகின்றன. ஆயினும் எதை வைத்தாலும் மெலனோகேஸ்டரின் கருவில் வரி சரியான இடத்தில் விழுகிறது. சரி, ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் ஒட்டினால்? வரியின் எல்லை பிசகுகிறது. அதாவது ஒவ்வோர் இனத்திலும் முன்பாதியில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தபோது பின்பாதியில் இன்னொரு மாற்றம் அதை ஈடுசெய்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கணக்கு முழுவதும் வேறு. இருபது பக்கக் கருத்தரங்க உரை சொல்லாததை அந்த ஒட்டுத்துண்டு சொல்லிவிடுகிறது. விளைவு மாறாதிருப்பதை மட்டுமே தேர்வு கண்காணித்தால், வழி தன் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கருவியலார் இதை மணற்கடிகை வடிவம் என்பார்கள். எனக்கு உடுக்கைதான் நினைவுக்கு வருகிறது. முட்டையின் தொடக்கநிலையில் இனத்துக்கு இனம் பெரும் வேற்றுமை. முதிர்ந்த உடலிலும் பெரும் வேற்றுமை. இடையில், கண்டங்கள் வகுக்கப்பட்டு நிற்கும் கருப்பட்டை நிலையில், ஈயும் வண்டும் வெட்டுக்கிளியும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபோல் இருக்கின்றன. எங்ரெயில்ட் அந்த இடுப்பில் கட்டிய கயிறு.

நடுப்படியான இணைவிதி மரபணுக்களில்தான் சிக்கல், ஆகவே சுவையும். 1992இல் பட்டேல், பால், குட்மன் மூவரும் வெட்டுக்கிளியில் ஈவன்-ஸ்கிப்ட்டைத் தேடினர். வரிகளே இல்லை; பின்முனையில் ஒரு பரப்பாகக் கிடந்தது. ஒன்றுவிட்டு ஒன்று வகுக்கும் முறை ஈயின் புதுமை என்று அப்போது தோன்றியது. இரண்டே ஆண்டுகளில் அதே பட்டேல் குழு வண்டுகளில் அந்த வரிகளைக் கண்டது. 2001இல் வெட்டுக்கிளியிலேயே பேர்பெர்ரி என்னும் வேறொரு மரபணு இணைவிதி ஒழுங்கில் வெளிப்படுவது தெரிந்தது. ஒரு மரபணு இல்லை என்பதால் அந்த முறையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதை எங்கள் துறை இப்படித்தான் கற்றது.

2012இல் மிகாலிஸ் அவெராஃப் குழுவினரும் சூசன் பிரவுன் குழுவினரும் மாவு வண்டின் பின்முனையில் இணைவிதி மரபணுக்கள் விட்டுவிட்டுத் துடிப்பதைக் காட்டினர். ஆட்-ஸ்கிப்ட் ஏறுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. 30 பாகையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கண்டங்கள். ஏணி என்று நாம் வரைந்ததன் நடுப்படி இங்கே ஒரு கடிகாரம்! ஈவன்-ஸ்கிப்ட், ரண்ட், ஆட்-ஸ்கிப்ட் மூன்றும் ஒன்றையொன்று எழுப்பியும் அடக்கியும் சுற்றி வருகின்றன என்பதைப் பிரவுன் குழுவினர் 2006இலேயே ஒடுக்கச் சோதனைகளால் ஊகித்திருந்தனர்.

கடிகாரம் என்றதும் முதுகெலும்பிகள் நினைவுக்கு வரும். கோழிக்குஞ்சின் கருவில் முதுகுக் கண்டங்கள் 90 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரு துடிக்கும் மரபணுவின் தாளத்தில் உருவாகின்றன என்பது 1997இல் தெரிந்தது. அங்கே நாட்ச் சமிக்ஞை மையமானது. 2003இல் ஸ்டோலவெர்க், ஷோப்மைர், டாமன் ஆகியோர் ஒரு சிலந்தியிலும் நாட்ச் குலைந்தால் கண்டங்கள் குலைவதைக் காட்டினர். 2008இல் கரப்பானிலும் அது தெரிந்தது. அப்படியானால் நமக்கும் சிலந்திக்கும் பொதுவான மூதாதையே கண்டம் கண்டமாக இருந்தாரா? கருத்தரங்குகளில் தேநீர் ஆறும்வரை வாதிடத்தக்க வினா. என் நிலைப்பாடு எச்சரிக்கையானது. கணுக்காலிகளுக்குள் நாட்ச் தொன்மையானது என்று ஏற்பேன். அதைத் தாண்டிச் செல்லத் தயங்குவேன். நாட்ச் உடலெங்கும் பல வேலைகளில் புழங்கும் கருவி. இரு வீட்டிலும் அரிவாள்மனை இருப்பதால் இரு வீட்டாரும் உறவினர் ஆகிவிடமாட்டார்கள். மேலும் மாவு வண்டின் கண்டப்பகுப்பில் நாட்ச்சுக்கு அத்தகைய பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. கடிகாரம் அது இல்லாமலும் ஓடுகிறது.

இந்த இடத்தில், ஈயை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம் என எண்ணியிருந்தவர்களுக்கு ஒரு திருப்பம். எரிக் கிளார்க்கும் மைக்கேல் ஏகமும் 2016இல், ஈயின் ஆட்-பெயர்ட் என்னும் மரபணு இடத்தைவிட நேரத்தைக் குறிப்பது என்று வாதிட்டனர். அது வெளிப்படத் தொடங்கும் கணத்தில் இணைவிதி மரபணுக்களுக்கிடையேயான தொடர்புகள் மாறி, இரட்டைக் கண்ட ஒழுங்கு ஒற்றைக் கண்ட ஒழுங்காகிறது. ஈயின் வரிகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை, முன்னோக்கி நகர்கின்றன என்பது முன்பே தெரிந்த செய்தி. வண்டின் பின்முனையிலிருந்து அலைகள் முன்னோக்கிச் செல்வதோடு அதை ஒப்பிட்டால், காடல் தேய்ந்து ஆட்-பெயர்ட் எழும் அதே கால வரிசை இரண்டிலும் தெரிகிறது. வண்டு ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி நேரத்தில் ஓட்டும் நாடகத்தை ஈ எல்லா உட்கருக்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. அந்த நயமற்ற ஏழு கோடுகள், பழைய கடிகாரத்தின் முட்களை ஒரே கணத்தில் ஏழு இடங்களில் வைத்துவிடும் பிற்கால ஏற்பாடு என்று படிக்கலாம்.

என் ஆய்வுக் குழுக் கூட்டம் ஒன்றில், ஈயில் எல்லாம் தெரிந்திருக்க வண்டு எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே, பணம் பொதுப்பணம். வண்டைப் பார்த்திராவிட்டால் ஈயின் வரிகள் நகர்வது ஏன் என்ற கேள்விக்கே பொருள் இருந்திராது என்றேன். அவர் தலையசைத்தார், அடுத்த ஆண்டும் அதே கேள்வியைக் கேட்டார்.

வகுப்பில் அந்த ஏணியைக் கற்பிக்காமல் விடச் சொல்லமாட்டேன். அதைவிடத் தெளிவாக நிறுவப்பட்ட வலைப்பின்னல் விலங்கு வளர்ச்சியில் அரிது. பைகாய்டில் தொடங்காமல் எங்ரெயில்ட்டில் தொடங்கி மேல்நோக்கி ஏறுங்கள் என்று மட்டும் ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்வேன். ஒவ்வொரு படி ஏறும்போதும் இது எத்தனை விலங்குகளுக்குப் பொருந்தும் என்ற வட்டம் சுருங்கிக்கொண்டே வருவதை மாணவர்கள் தாமே காண்பார்கள்.

அந்த மாணவருக்கு மின்னஞ்சலில் நான் அனுப்பிய கடைசிச் செய்தி பூரான்களைப் பற்றியது. வடமொழியில் அதற்கு சதபதி என்றொரு பெயர், நூறு காலுடையது. தமிழ்ப் பெயர் எண்ணிக்கைக்குள் போகவில்லை, நல்லதாயிற்று. ஏனெனில் முதிர்ந்த பூரான்களில் கால் இணைகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் 15 முதல் 191 வரை வேறுபட்டாலும், எப்போதும் ஒற்றைப்படையே. நூறு கால் வேண்டுமெனில் 50 இணை வேண்டும். அப்படியோர் இனம் இல்லை. 2004இல் சிப்மன், ஆர்தர், ஏகம் மூவரும் ஸ்ட்ரிகேமியா என்னும் கடலோரப் பூரானின் கருவில் மரபணு வரிகள் முதலில் இரண்டு கண்டங்களுக்கு ஒன்றாக எழுவதைக் கண்டபோது, புதிர் அவிழ்ந்தது போலிருந்தது: இரண்டு இரண்டாகக் கூட்டினால் ஒற்றைப்படை ஒற்றைப்படையாகவே தொடரும். 2013இல் பிரேனாவும் ஏகமும் அதே பூரானின் கருவளர்ச்சியைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்தனர். தொடக்கத்தில் இரண்டிரண்டாக விரைந்து சேரும் கண்டங்கள், பிற்பாடு வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இருந்தும் இறுதியில் எண்ணிப் பார்த்தால் கால் இணைகள் ஒற்றைப்படையிலேயே நிற்கின்றன.